மாடன் நட்ட பலகைகள்

இசக்கிச்செல்வி எதையும் ஒழுங்கு முறையாகச் செய்கிறவள். அந்த ஒழுங்கே அவளுக்கு வினையாக வந்து சேர்ந்தது.

தென்காசியில் ஒரு காவல் நிலையத்தில் அவள் காவலர். இணைய மோசடி பற்றிய விழிப்புணர்வுக் கூட்டம் எங்கே நடந்தாலும் மேலதிகாரிகள் அவளைத்தான் அனுப்புவார்கள். மைக் இல்லாவிட்டாலும் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல். "பழைய போனை அடுத்த ஆள் கையில் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் கணக்கு ஒன்றுகூட அதில் மிச்சம் இருக்கக் கூடாது" என்று ஊர் ஊராகச் சொல்லி வந்தவள், தன் பழைய கைப்பேசியை மாற்றிப் புதிது வாங்கிய அன்றைக்குத் தானும் அப்படியே செய்தாள். வங்கிச் செயலியை நீக்கினாள். மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து வெளியே வந்தாள். கடைசியாக மிஞ்சியது அந்த விளையாட்டு. அதில் 'வெளியேறு' என்ற பொத்தானும் 'கணக்கை மூடு' என்ற பொத்தானும் ஒட்டி ஒட்டி இருந்தன. வந்த வேகத்தில் 'மூடு' என்பதை அழுத்தினாள். உறுதிதானா என்று அது கேட்டது. உறுதிதான் என்றாள்.

புதுக் கைப்பேசியில் விளையாட்டைத் திறந்தபோதுதான் செய்த காரியம் விளங்கியது. திரை முழுக்க இருட்டு. அவளுடைய ஊரில் ஒரு வீட்டிலும் விளக்கு இல்லை. நடுவில் ஒரு அறிவிப்பு: இந்தக் கணக்கு மூடப்பட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் மீட்கவில்லை என்றால் அடியோடு அழிக்கப்படும். மீட்பதற்கு, பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி வரும்.

அந்த எண் இப்போது அவளிடம் இல்லை. காவலர் பயிற்சிக்குப் போன இடத்தில் அதற்குச் சிக்னல் கிடைக்கவில்லை என்று வேறு சிம் வாங்கிப் போட்டாள். பழையது ரீசார்ஜ் இல்லாமல் செத்துப் போயிற்று. விளையாட்டு மட்டும் பழைய எண்ணிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அவள் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

அது ஊர் கட்டுகிற விளையாட்டு. முதலில் ஒரு பொட்டல்வெளியைக் கொடுப்பார்கள். குளம் வெட்டி, மரம் வைத்து, வீடு கட்டி ஊராக்க வேண்டும். பக்கத்து ஊர்க்காரர் வந்து நம் ஊரில் ஒரு பலகை நட்டு, அதில் நாலு வார்த்தை எழுதிவிட்டுப் போகலாம். செல்விக்குப் பக்கத்து ஊர்க்காரன் ஒருவன்தான். அவளுடைய அண்ணன் மாடன். ராணுவத்தில், வடக்கே பனிமலையில் இருக்கிறான்.

மாடன் போனில் பேசுகிற ஆள் இல்லை. "ம்" என்பான். "சாப்ட்டியா" என்பான். "வச்சிருதேன்" என்பான், வைத்துவிடுவான். ஆனால் பலகையில் எழுதுவான். பயிற்சியின் தொடக்கத்தில் செல்வி, "ஓடி வந்திரலாம்னு இருக்கு" என்று அவன் ஊரில் ஒரு பலகை நட்டாள். அடுத்த வாரம் அவள் ஊர்க் குளத்தங்கரையில் பதில் நின்றது: "நானும் மொத மாசம் அழுதேன். தண்ணித் தொட்டிக்குப் பின்னால போயி. யாருட்டயும் சொல்லாத." அந்தப் பலகையை நம்பித்தான் அவள் பயிற்சியை முடித்தாள். அதன் பிறகு சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு வரும்போதெல்லாம் அவன் ஒன்று நட்டான். குளத்தைச் சுற்றி வேலி போல ஆகிவிட்டது. ஞாயிறு மாலை போனால் அத்தனையும் போயிற்று. மறுபடி எழுதித் தா என்று கேட்டால் எழுதுகிற பிறவியும் இல்லை அவன்.

வெள்ளிக்கிழமை காலை பழைய எண்ணுக்கு அடித்துப் பார்த்தாள். மணி போயிற்று. ஒரு பெண் எடுத்தார்.

"அக்கா, நான் தென்காசியில இருந்து பேசுதேன். நீங்க வச்சிருக்க நம்பர் முன்னாடி என் நம்பரு. இப்ப உங்களுக்கு ஒரு ஓடிபி வரும். அத மட்டும் கொஞ்சம்..."

"எத?"

"ஓடிபிக்கா."

"நல்லா இருக்கு. நேத்து ஒருத்தன் கரண்ட கட் பண்ணுவேம்னான். இன்னைக்கு நீ வந்திருக்கியா?"

"அய்யோ, நான் போலீசுக்கா."

"அதான பாத்தேன். போலீஸ்னு சொல்லித்தான் கேப்பாங்கன்னு போலீசே வந்து சொல்லிட்டுப் போயிருக்கு."

"எங்க வந்து சொன்னாங்க?"

"தென்காசியில, மகளிர் குழுக் கூட்டத்துல. ஒரு பொம்பளப் போலீசு தொண்ட கிழியக் கத்திச்சு."

"அந்தக் கூட்டத்துல பேசுனதே நாந்தான்க்கா!"

"அப்படியும் சொல்லுவாங்கன்னு அந்தப் புள்ள அன்னைக்கே சொல்லிச்சு" என்றார் அந்தப் பெண். இணைப்பு அறுந்தது.

செல்விக்குக் கோபம் வரவில்லை. இத்தனை கூட்டம் பேசி, ஒருவராவது காதில் வாங்கியிருக்கிறாரே என்று ஒரு பக்கம் நெஞ்சு நிறைந்தது. மறு பக்கம், அந்த ஒருவரிடம்தானா தன் எண் போய்ச் சேர வேண்டும் என்றிருந்தது.

எதிர் மேசையில் இருந்த ஏட்டு ஜெகதீஸ்வரன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நாற்காலியை விட்டு எளிதில் எழுந்திருக்காத மனிதர். "என்னம்மா, ஊருக்கெல்லாம் பூட்டு போட்டுக் குடுத்துட்டு நீ வாசல்ல நிக்கியா?"

"சிரிக்காதீங்க ஏட்டையா."

"அட்ரஸ எடுத்து அந்தப் பொம்பளய ஸ்டேஷனுக்கு வரச் சொல்லு. ஓடிபி தன்னால வந்து விழும்."

"அவங்க ஒரு தப்பும் செய்யலையே."

"தப்பு செஞ்சாத்தான் கூப்பிடணுமாக்கும்?"

"ஆமா" என்றாள் செல்வி.

ஏட்டையா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு வெளையாட்டுக்கா இம்புட்டுப் பாடு? செப்புச் சாமான் தொலைஞ்ச மாதிரில்லா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க."

செல்வி பழைய எண்ணை வாட்ஸப்பில் போட்டுப் பார்த்தாள். முகப்புப் படத்தில் ஒரு பழக்கடை. சிவப்புச் சிவப்பாக ரம்புத்தான் கொத்துகளுக்கு மேலே பெயர்ப் பலகை: ஜப்பார் பழக்கடை, ஐந்தருவி. மறுநாள் அவளுக்குக் குற்றாலத்தில், அதே ஐந்தருவியில்தான் பந்தோபஸ்து.

சனிக்கிழமை சாரல் விட்டு விட்டுத் தூவியது. ஐந்தருவியில் கூட்டம் நெரிந்தது. வரிசையில் நில்லுங்க, எண்ணெய் தேய்த்தவர்கள் இந்தப் பக்கம் வாங்க, பிள்ளையைக் கையில் பிடிங்க என்று மதியம் வரை கத்திவிட்டு, மாற்று ஆள் வந்ததும் செல்வி கடைத்தெருவுக்கு இறங்கினாள்.

கடையில் நாற்பது வயதை ஒட்டிய ஒரு பெண் ஸ்டூலில் உட்கார்ந்து ரம்புத்தானைக் கொத்துக் கொத்தாகக் கட்டிக்கொண்டிருந்தார். "வாங்கம்மா. மங்குஸ்தானா, ரம்புத்தானா?"

"நேத்து போன்ல ஓடிபி கேட்டது நாந்தான்க்கா."

அந்தப் பெண்ணின் கை நின்றது. முகத்தைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார், உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "என்னங்க, இங்கன வாங்க. ஓடிபி நேர்லயே வந்திருக்கு!"

உள்ளிருந்து கணவர் அப்துல் ஜப்பார் கையைத் துடைத்தபடி வந்தார். செல்வி அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள்.

"கார்டெல்லாம் ஜெராக்ஸ் கடையிலயே அடிச்சுத் தாராங்கன்னு நீங்கதான சொன்னீங்க" என்றார் அந்தப் பெண். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "உள்ளே வாங்கம்மா, நனையாதீங்க. எம் பேரு ஷமீம் பானு. நீங்கதான்னு எனக்குத் தெரியுது. கூட்டத்துலயும் இதே மாதிரிதான் கைய ஆட்டி ஆட்டிப் பேசுனீங்க. ஆளு மேல சந்தேகம் இல்ல."

"அப்ப சொல்லலாம்லாக்கா?"

"எப்படிச் சொல்ல? எல்லாரையும் எந்திரிச்சு நிக்க வச்சு, வலது கைய நீட்டச் சொல்லி, உறுதிமொழி எடுக்க வச்சீங்களே. பெத்த தாயே கேட்டாலும் ஓடிபிய சொல்ல மாட்டேன்னு. நீங்க சொல்லச் சொல்ல நாங்க திருப்பிச் சொன்னோம். போலீசுக்கு மட்டும் சொல்லலாம்னு அதுல ஒரு வரி வைக்கலையே நீங்க."

அந்த உறுதிமொழி எங்கிருந்தும் வந்ததல்ல. செல்வியே ஒரு ராத்திரி உட்கார்ந்து எழுதியது. 'பெத்த தாயே' என்கிற இடம் நன்றாக அமைந்திருக்கிறது என்று அப்போது அவளுக்குப் பெருமைகூட. கவிழ்த்து வைத்திருந்த ஒரு பழப்பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

"அது வெறும் வெளையாட்டுதான்க்கா. போனாப் போகுதுன்னு விட்டிரலாம். ஆனா அதுல எங்க அண்ணன் எழுதுனதெல்லாம் இருக்கு. போன்ல அவனுக்குப் பேச வராது. எங்கிட்ட பேசுனது பூராவும் அதுலதான். நாளைக்குச் சாயங்காலத்தோட அழிஞ்சிரும்."

"அண்ணன் பேரு என்ன?"

"மாடன். ராணுவத்துல இருக்கான்."

ஷமீம் பானு கணவரைப் பார்த்தார். அப்துல் ஜப்பார் இருமுகிற மாதிரி ஆரம்பித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏ பானு, ஒன் மாடன்லா!"

"நீங்க சும்மா இருங்க." ஷமீம் பானு செல்வியின் பக்கம் திரும்பினார். "இந்த சிம் வாங்குன நாள்ல இருந்து வாராவாரம் ஒரு மெசேஜ் வருதும்மா. 'மாடன் உங்கள் ஊரில் பலகை நட்டிருக்கிறார்'னு. கீழ அவரு எழுதுனதும் வரும். இன்னைக்குப் பனி, ரொட்டி கல்லு மாதிரி இருக்கு, அப்படின்னு. யாரு அந்த மாடன், அவன் ரொட்டி எப்படி இருந்தா ஒனக்கு என்னன்னு இவிய என்னைக் கேட்டுக் கேட்டு, நான் பதில் சொல்லி மாளல."

"இப்ப நானே கேக்க ஆரம்பிச்சிட்டேன். என்ன பானு, இந்த வாரம் அங்க பனி எப்படின்னு" என்றார் ஜப்பார்.

செல்விக்குச் சிரிப்பதா, வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. அவளுக்கென்று அவன் எழுதியதையெல்லாம் ஒரு பழக்கடையில் இரண்டு பேர் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள்.

"சரி, ஒண்ணு கேக்குதேன்" என்றார் ஷமீம் பானு. "அங்க சாமான் தூக்குத கோவேறு கழுதைக்கு ஒங்க அண்ணன் என்ன பேரு வச்சிருக்காரு?"

"ஏட்டையா."

"எதுக்கு அந்தப் பேரு?"

"எங்க ஸ்டேஷன் ஏட்டையாவப் பத்தி நான் ஒரு தடவ எழுதுனேன். அவன் பதிலுக்கு, இங்கயும் ஒண்ணு இருக்கு, எந்திரிக்கவே மாட்டேங்குன்னு எழுதுனான்."

"போதும். போன எடு." முதல் முறையாக ஒருமையில் பேசினார். "நான் சொல்ல மாட்டேன். என் கையாலயே அடிச்சு விடுதேன்."

"அதும் குடுக்க மாதிரிதான?" என்றார் ஜப்பார்.

"எப்படி? சாவியவா குடுக்கேன்? நானே பூட்டத் தொறந்து விட்டுட்டு, சாவிய எங்கிட்டயே வச்சிக்கிடுதேன்."

செல்வி 'மீட்க' என்பதை அழுத்தினாள். ஓடிபி வரவில்லை. சீசன் கூட்டத்தில் அத்தனை பேரும் அருவியைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தால் டவர் என்ன செய்யும்? நேரம் முடிந்தது என்றது திரை. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் முடிந்தது. இன்னும் ஒரு தடவைக்குத்தான் அனுமதி என்று சிவப்பில் எழுதிக் காட்டியது. செல்வியின் விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது.

"இரு, இங்கன வேண்டாம். வளைவு தாண்டி இறங்குனா சிக்னல் கிடைக்கும்" என்று குடையை எடுத்தார் ஷமீம் பானு.

ஒரே குடையில் இரண்டு பேரும் சாலையோரமாக இறங்கினார்கள். ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு எதிரே வந்தவர்கள், போலீஸ் யாரையோ பிடித்துக்கொண்டு போகிறது என்று ஒதுங்கி வழி விட்டார்கள். ஷமீம் பானு அவர்களைப் பார்த்து, "நாந்தான் இவங்களக் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

வளைவு தாண்டியதும் அவருடைய கைப்பேசியில் சிக்னல் கோடுகள் ஏறின. செல்வி கடைசித் தடவையாக அழுத்தினாள். சாரல் குடையில் தட்டிக்கொண்டிருந்தது. டிங் என்றது.

ஷமீம் பானு சட்டென்று முந்தானையால் தன் திரையை மூடிக்கொண்டார். "அந்தப் பக்கம் திரும்பு." காவலர் இசக்கிச்செல்வி மலையைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அவளுடைய கைப்பேசியை வாங்கி, முந்தானைக்குள் எட்டிப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அடித்தார் ஷமீம் பானு.

"ஏ, வெளக்கு எரியுது!"

செல்வி திரும்பினாள். அவள் ஊரில் ஒவ்வொரு வீடாக விளக்கு ஏறிக்கொண்டிருந்தது. கோயில், கடைத்தெரு, கடைசியாகக் குளத்தங்கரை. பலகைகள் அத்தனையும் நின்றன. தண்ணீர்த் தொட்டிப் பலகையும் அதனிடத்திலேயே இருந்தது. அவள் மூக்கை உறிஞ்சினாள். சாரலில் அது யாருக்கும் தெரியப் போவதில்லை.

"அக்கா, ஒண்ணு. எங்கிட்ட செஞ்ச மாதிரி வேற யாரு போன்லயும் அடிச்சுக் குடுத்திராதீங்க."

"அடுத்த கூட்டத்துல அதையும் உறுதிமொழில சேத்துக்க."

பலகைகளின் கடைசியில் அவள் பார்த்திராத ஒன்று நின்றது. "அது நேத்து வந்தது" என்றார் ஷமீம் பானு. "காலைல நீ போன் போட்டு ஒரு மணி நேரத்துல. அதப் படிச்சதுல இருந்து எனக்கும் மனசு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு."

செல்வி விரலால் பெரிதாக்கிப் படித்தாள்.

"ஒன் ஊர்ல ஒரு வெளக்கும் எரியல. என்னாச்சு செல்வி? யாரும் எதுவும் சொன்னாங்களா? ஞாயித்துக்கிழம போன் போடுதேன். இந்தத் தடவ நான் பேசுதேன்."

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு முறைப்படி செய்ய வேண்டியதைச் செய்தாள். கணக்கில் பழைய எண்ணை எடுத்துவிட்டுத் தன் எண்ணைப் போட்டாள். அதற்கும் பழைய எண்ணுக்கு ஒரு ஓடிபி வந்தது. அதையும் ஷமீம் பானுவே முந்தானைக்குள் வைத்து அடித்துக் கொடுத்தார். அடித்த பிறகு தன் கைப்பேசியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே எனக்கு மெசேஜ் வராது, என்ன?"

"வராதுக்கா."

"அதுதான் முறை" என்றார் ஷமீம் பானு. "அந்தக் கழுத எந்திரிச்சிச்சா இல்லையான்னு மட்டும் இந்தப் பக்கம் வரும்போது சொல்லிட்டுப் போ. இவிய கேப்பாவ."

ஷமீம் பானு குடையைப் பிடித்துக்கொள்ள, செல்வி அண்ணன் ஊருக்குள் போய், அவன் வெட்டிய குளத்தங்கரையில் ஒரு பலகை நட்டாள்.

"வெளக்கு போட்டாச்சு. ஞாயித்துக்கிழம நீ பேசு. நான் ம் போடுதேன்."