வெளிநாட்டுக் கட்டுரைக்கு ஒரு வீடு

என் மனைவி ஜெஸீலா மௌத்தாகி அடக்கம் செய்ததிலிருந்து அவளுடைய தங்கை அஸ்மிலா அடிக்கடி வந்தாள். வந்தால் வீட்டைப் பற்றியே கேட்டாள். எப்போது குடிவந்தீர்கள், ராத்தா ஜெஸீலா தன் பழைய பாடப் புத்தகங்களை எந்த அறையில் வைத்தாள், இப்படி.

கல்முனையில் கலியாணச் சீராகக் கட்டும் வீடு பெண்ணுக்குத்தான். கணவன் அங்கே குடிவருகிறவன். வீட்டின் உறுதிப் பத்திரமும் இன்னும் அவர்களுடைய வாப்பாவான மாமாவின் பெயரில்தான் இருந்தது. என்னை வெளியேற்ற வேவு பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

அன்று அவள் சுவரைத் தட்டிப் பார்த்தபோது கேட்டுவிட்டேன்.

"மாமா அளந்து வரச் சொன்னாரா?"

"என்ன மச்சான், பொலிஸ் மாதிரிக் கேக்கிறீங்க? வெளிநாட்டுக் கெம்பஸுல படிக்க அப்ளிகேசன் போடுறன். உன்ன மாத்தின விசயத்தப் பத்திக் கட்டுரை எழுதச் சொல்றாங்க. நான் இந்த வீட்டத்தான் எழுதுறன்."

"ராத்தா மௌத்தானதையா?"

"சே, அதக் காட்டி எடம் கேக்க ஏலா. ஏஎல் சோதின நல்லாப் பாஸ் பண்ணியும் கெம்பஸ் அனுப்பாம, வீடு கட்டி முடிஞ்சிட்டெண்டு ராத்தாக்குக் கலியாணம் பேசினாங்களே, அத."

அப்போது பேசிமுடித்த மாப்பிள்ளை நான்தான்.

"இன்னொரு வீடு கட்ட வாப்பாக்கு ஏலா. நீங்க போனா இத எனக்கு எழுதிப்போட்டு மாப்பிள்ள தேடுவாங்க. கெம்பஸ் பதில் வரங்காட்டியும் எழும்பிப் போயிடாதீங்க மச்சான்."

நம்புவதா என்று தெரியவில்லை. ஆனாலும் அவள் போனதும், நானே போய்விடலாமென்று கதவோரம் கட்டிவைத்திருந்த பெட்டியைத் திறந்து, என் சட்டைகளை மறுபடி அலுமாரியில் ஜெஸீலாவின் உடுப்புகளுக்குப் பக்கத்தில் அடுக்கினேன்.