பொத்தானை மறைத்த சிரிப்பு

நன்றாக ஓடிக்கொண்டிருந்த அரசாங்க இணையதளத்தை நைரோபியில் யாரோ ராவோடு ராவாக மாற்றிவிட்டார்கள். பதினோரு வருடமாகக் கணினிக் கடை நடத்துகிறேன். ஆசிரியர்களின் இடமாற்ற விண்ணப்பத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்வேன். அன்று காலை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டும் ஒன்றும் பிடிபடவில்லை. எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவள் மொரா டீச்சர். அவளுக்கு வேலை வடக்கே லோட்வாரில், ஒன்றரை நாள் பஸ் பயணம். இரண்டு வயதுப் பையன் இங்கே தங்கையிடம் வளர்கிறான். ஆகஸ்ட் விடுமுறைக்கு அவள் வந்து இறங்கியதும் யாரோ என்று பயந்து அழுதானாம். அதைச் சொன்னபோது அவள் என்னைப் பார்க்கவில்லை. ஊருக்கே மாற்றல் கேட்க அன்று மாலை ஐந்து மணியோடு கடைசி. விட்டால் இன்னும் ஒரு வருடம்.

எல்லாக் கட்டத்தையும் நிரப்பிக் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டோம். ‘அனுப்பு’ பொத்தானைக் காணோம். வலது மூலையில் ஒரு வட்ட முகம் மட்டும் சிரித்துக்கொண்டு, உதவட்டுமா என்று கேட்டது. பக்கத்தை ஏற்றினாலும் இறக்கினாலும் அது கூடவே வந்தது. கைபேசியிலும் அதே கதைதான். மதியத்துக்குள் கடையில் பதினான்கு ஆசிரியர்கள், எல்லாரும் அந்தச் சிரிப்பையே முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

கல்வி அலுவலகத்தில் இருக்கும் மக்கோரிக்குப் போன் செய்தேன். அவர் திரையில் பொத்தான் ஜோராகத் தெரிகிறதாம்.

“உங்க மிஷின் பழசும்மா. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க,” என்றார்.

தூக்கினேன். ஆனால் போடவில்லை. திரையையும் பெட்டியையும் கழற்றி, வாழைத்தார் கட்டும் ரப்பர் பட்டையால் பெட்டியை மோட்டார்பைக் டாக்சியில் கட்டினேன். திரையை மொரா மடியில் அணைத்துக்கொண்டாள். மற்றவர்கள் பின்னால் நடந்து வந்தார்கள். மூன்றரை மணிக்கு மக்கோரியின் கோப்புகளைத் தள்ளிவிட்டு, அவர் டீக் கெட்டிலின் பிளக்கைப் பிடுங்கி, என் மிஷினை அவர் மேஜையிலேயே மாட்டினேன்.

“இப்ப இதுலேர்ந்து அனுப்புங்க சார், பாக்கலாம்.”

அனுப்பிப் பார்த்தார். கோட்டைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு தன் அகலத் திரையையும் என் சின்னத் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவருடையதில் பொத்தான் ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம். என்னுடையதில் முகம் பொத்தானின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

நேரம் ஆகிறது, டீச்சருடையதை மட்டும் தன் மிஷினில் அனுப்பிவிடுவதாக மக்கோரி தாழ்ந்த குரலில் சொன்னார். மணி நாலு பத்து. ஏற்றுக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

மொரா முந்திக்கொண்டாள். “வேணாம் சார். வெளியில பதிமூணு பேர் நிக்கறாங்க. இங்க வர முடியாம எத்தனை பேர் இந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்களோ. அத எடுக்கச் சொல்லுங்க.”

மக்கோரி நைரோபிக்குப் பேசினார். அங்கே யாரோ, அந்த முகம் மந்திரிக்குப் பிடித்தது என்றார்களாம். அதற்கு மக்கோரி, மந்திரி மாற்றலா கேட்கிறார் என்று கத்தினார். அந்த ஒரு நிமிடம் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. நாலு நாற்பதுக்கு முகம் மறைந்தது. அது இருந்த இடத்தில் பொத்தான், காலையிலிருந்து அங்கேயே இருந்திருக்கிறது.

மொரா அழுத்தினாள். கைபேசிக்கு ஏற்பு எண் வந்தது. எல்லாரும் நிரப்பி வைத்தது தளத்தில் அப்படியே இருந்தது. ஒருவர் பின் ஒருவராக, கடைசி ஆசிரியர் நாலு ஐம்பத்தெட்டுக்கு அனுப்பி முடித்தார்.

உடனே திரையில் ஒரு கேள்வி வந்தது: புதிய தளம் எப்படி இருக்கிறது, எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? மக்கோரி நெற்றியைத் துடைத்தபடி, ஏதாவது பார்த்துப் போடுங்கம்மா என்றார்.

மொரா எழுந்து என் மிஷினின் பிளக்கைப் பிடுங்கினாள்.

“காலையிலேர்ந்து நாங்க பொத்தானத் தேடினோம் சார். நட்சத்திரத்த நீங்க தேடிக்குங்க.”