சரண்யாதேவி நடத்திய கும்பினிப் படை

சரண்யாதேவி பார்க்கிற வேலை பல்லுக்கு நிறம் ஏற்றுவது. மதுரை அண்ணா நகரில் உள்ள ஒரு பல் லேப்பில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறாள். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் பீங்கான் பல்லை, ஆளின் சொந்தப் பல்லோடு அடையாளம் தெரியாமல் சேர்ந்துபோகிற மாதிரி தீட்டி, சூளையில் வைத்து எடுத்துக் கொடுப்பாள். வெற்றிலை போடுகிறவருக்கு ஒரு சாயல், டீயே கதியென்று கிடக்கிறவருக்கு ஒரு சாயல். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, நாலே ரோமம் உள்ள பிரஷ்ஷோடு உட்கார்ந்தாளென்றால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கை அசையாது.

மேலூரில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் அசோக்குமார் அந்த லேப்பின் பழைய வாடிக்கை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் பல் அச்சோடு சேர்த்து ஒரு சின்ன டப்பாவையும் கொண்டுவந்து அவள் மேஜைமேல் வைத்தார். திறந்தால், கட்டைவிரலில் பாதி உயரத்தில் ஆறு ஈயச் சிப்பாய்கள். சிவப்புக் கோட்டெல்லாம் அவரே அடித்துவிட்டார். கண்ணும் வாயும் மட்டும் வைக்க முடியவில்லையாம். "ஊசி போடும்போது ஆடாத கை, கண்ணு வைக்கும்போது ஆடுதும்மா" என்றார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆறு பேருக்கும் கண் வைத்தாள். ஒருவனுக்கு மட்டும் சிரிப்பு வரட்டும் என்று இரண்டு பல்லும் வைத்தாள். டாக்டர் ஒவ்வொருவனாகக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். அடுத்த வாரம் அறுபது பேரைக் கொண்டுவந்தார்.

பழைய காலத்துச் சண்டைகளைப் பொம்மைப் படை வைத்து மேஜைமேல் திரும்ப நடத்திப் பார்க்கிற ஆட்டம் என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. டேப் பிடித்து அளந்து படையை நகர்த்த வேண்டும். தாயக்கட்டையை உருட்டிச் சுட வேண்டும். அடிபட்டவனை மேஜையிலிருந்து எடுத்துத் தட்டில் போட்டுவிட வேண்டும். மதுரை வட்டாரத்திலேயே இந்தக் கிறுக்குப் பிடித்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். மாதத்தில் ஒரு ஞாயிறு கூடுவார்கள். அவள் ஆடியதில்லை. ஆனால் டாக்டருடைய கும்பினிப் படையில் இருந்த எண்பத்து நாலு பேருக்கும் முகம் கொடுத்தவள் அவள்தான். ஒத்தக்கடை பஸ் கண்டக்டர், பரோட்டா மாஸ்டர், அவள் வீட்டுக்காரர் கருத்தக்கண்ணனின் தாய்மாமன் என்று தெரிந்த முகமெல்லாம் சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றது. வண்டிமாடுகளுக்குத் திமில் சரியாக வரவேண்டுமே என்று ஒரு ஞாயிறு முழுக்க மாட்டுச் சந்தையில் நின்று பார்த்தாள். "மாடு வாங்க வந்தியா, மாப்பிள்ளை பாக்க வந்தியா?" என்று தரகர் கேட்டுவிட்டார்.

இந்தப் படைக்காக டாக்டர் மூன்று மாதம் திட்டம் போட்ட சண்டை, நத்தம் கணவாய்ச் சண்டை. ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்தைந்தில், மதுரைப் பக்கத்துக் கோயில் ஒன்றிலிருந்து சாமி சிலைகளை எடுத்துக்கொண்டு கும்பினிப் படை நத்தம் கணவாய் வழியாகத் திருச்சிக்குத் திரும்பியது. அந்த வட்டாரத்து ஆட்கள் கணவாயில் மறித்துப் பாய்ந்து சிலைகளை மீட்டுவிட்டார்கள். அந்த ஆட்களின் படை உக்கிரபாண்டியுடையது. மேலூரில் கிரானைட் பட்டறை வைத்திருப்பவர். நம்மூர் ஆட்களை எந்த நாட்டுக் கம்பெனியும் வார்த்து விற்பதில்லை என்பதால், வேற்று நாட்டு வீரர்களை வாங்கி, எம்-சீல் பசைமாவை உருட்டித் தலைப்பாகை கட்டிவிட்டு, விளக்குமாற்று ஈர்க்கை வெட்டி நீள வேலாகக் கையில் கொடுத்திருந்தார். மலைகளும் அவர் உபயம்தான். பட்டறையில் கழித்துப்போட்ட கல் துண்டுகள்.

அழகர்கோவில் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி அறையைப் பிடித்திருந்தார்கள். பெட்டிகளைப் பத்திரமாக இறக்கி அடுக்குவதற்காகச் சரண்யாதேவியும் டாக்டர் காரிலேயே வந்தாள். காலை ஒன்பது மணிக்கு மண்டப வாசலில் நாலு வேன் நின்றது. வேறொரு மண்டபத்தில் நடக்க வேண்டிய காதுகுத்து, அங்கே தண்ணி மோட்டார் ரிப்பேராகி, விடியற்காலையில் இங்கே மாறிவிட்டதாம். மாடி அறையைப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டோம், நீங்கள் கீழே ஹால் மூலையில் மேஜை போட்டுக்கொள்ளுங்கள் என்று மேனேஜர் கையைப் பிடித்துக் கெஞ்சினார்.

அதற்குள் டாக்டர் வாசலில் இருந்த பேனரைப் படித்துவிட்டார். படித்ததும் முகம் பீங்கானாக வெளுத்தது. காது குத்தப்போகிற பிள்ளை அவர் மனைவி தமிழ்ச்செல்வியின் பெரியப்பா பேரன். அந்த விசேஷத்துக்கு வர முடியாது, கோயம்புத்தூரில் பல் டாக்டர்கள் மாநாடு என்று சொல்லிவிட்டுத்தான் அவர் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தார். தமிழ்ச்செல்வி இப்போது அம்மாவோடு அந்த வேன்களில் ஒன்றில் இருந்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வேப்பமரத்தடியில் நின்ற காருக்குள் பாய்ந்து கதவைச் சாத்தினார். வண்டியை எடுக்கலாமென்றால் பின்னால் கிடா ஏற்றிவந்த லோடு ஆட்டோ நின்றது. கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிச் சரண்யாதேவியைக் கூப்பிட்டார். "இன்னைக்கி நீதாம்மா படையை நடத்தணும். நான் போன்ல சொல்லுறேன், நீ நகத்து. அம்புட்டுதான்."

அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். தாயம்கூட ஒழுங்காக ஆடத் தெரியாது என்றாள். மூன்று மாத உழைப்பு என்று அவர் கும்பிட்டார். கடைசியில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

நடுவர் இம்மானுவேல். பஸ் டெப்போவில் டைம் கீப்பர். அவர் எழுதிய விதிதான் அன்றைய சட்டம். கும்பினிக்காரர் நாலு மாட்டுவண்டியையும் கம்பெனிக்கு எட்டுப் பேர் வீதம் பத்துக் கம்பெனிச் சிப்பாய்களையும் மேஜையின் தென்கோடியிலிருந்து வடகோடிக்குக் கொண்டுபோக வேண்டும். மூன்றாவது வண்டியில் சாமி பெட்டி. ஆட்டம் முடியும்போது பெட்டி உக்கிரபாண்டி கையில் இருந்தால் அவருக்கு வெற்றி. இம்மானுவேல் பஸ்ஸை அனுப்புவது போல விசில் அடித்தார். படை கிளம்பியது.

காதுகுத்துக்கு வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? ஆசாரி வர நேரமானதால் பத்துப் பேர், இருபது பேர் என்று மேஜையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். இது என்ன மலை, யார் இந்தச் சிவப்புச் சட்டை என்று கேட்டார்கள். இம்மானுவேல் விளக்கினார். நம்ம நத்தம் ரோடா, நம்ம ஆட்களா, நம்ம சாமியா என்று தெரிந்த நிமிஷத்தில் கூட்டம் மொத்தமும் உக்கிரபாண்டி பக்கம் சாய்ந்தது. அந்தப் பிள்ளை எதற்கு வெள்ளைக்காரனுக்கு வேலை பார்க்கிறது என்று ஒருவர் வருத்தப்பட்டார்.

மூன்றாவது சுற்றிலேயே முதல் அடி விழுந்தது. பாறைக்குப் பின்னால் இருந்து உக்கிரபாண்டியின் ஆட்கள் பாய்ந்தார்கள். கட்டை ஆறாக விழுந்தது. ஒரு கம்பெனி காலி. இம்மானுவேல் தட்டை நீட்டினார். எட்டுப் பேரை எடுத்து வைக்க வேண்டும். சரண்யாதேவி ஒவ்வொருவனாகத் தூக்கினாள். ஐந்தாவது ஆள் பரோட்டா மாஸ்டர். அவரைப் படுக்கப்போட மனமில்லாமல் தட்டில் நிற்கவைத்தாள்.

காதில் டாக்டர், ரெண்டாம் கம்பெனியை மலைமேல் ஏற்று, நாலு பேர் போனாலும் பரவாயில்லை என்று விரட்டினார். யார் அந்த நாலு பேர் என்று அவளுக்குத்தான் தெரியும். அவள் ஏற்றவில்லை. இருந்த எல்லோரையும் வண்டிகளைச் சுற்றி நெருக்கமாக நிறுத்தி, கோழி குஞ்சுகளைக் கூட்டிப் போவது போல அடியடியாக நகர்ந்தாள். உக்கிரபாண்டிக்குப் பொறுமை போய்விட்டது. "என்ன தங்கச்சி, படை எடுத்து வந்தியா, பாதயாத்திரை வந்தியா?" என்றார். கூட்டம் சிரித்தது. அவள் அடுத்த இரண்டு அங்குலத்தை அளந்தாள்.

ஏழாவது சுற்றில் மூன்றாவது வண்டிக்குத் தாயக்கட்டையில் ஒன்று விழுந்தது. அப்படியென்றால் சக்கரம் சேற்றில் சிக்கிவிட்டது என்று அர்த்தம். இரண்டு மலைச்சரிவிலும் ஈர்க்கு வேல்கள் இறங்கிவர ஆரம்பித்தன. பின்னால் வருகிற நாலாவது வண்டியும் நின்றுபோயிற்று. இன்னும் இரண்டு சுற்றில் மாடும் மனிதரும் எல்லோரும் தட்டுக்குப் போய்விடுவார்கள் என்பது விளையாடத் தெரியாத அவளுக்கே தெரிந்தது.

அவளுக்குப் பக்கத்தில் முருகம்மாள் நின்றாள். தமிழ்ச்செல்வியின் சித்தி, விசேஷத்தின் மொத்த நிர்வாகமும் அந்த அம்மாள் கையில்தான். இடுப்பில் சாவிக்கொத்தோடு ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள், தாங்க முடியாமல் கேட்டாள்: "ஏத்தா, அவுங்க சாமியத்தான கேக்குறாக? குடுத்துட்டுப் போக வேண்டியதுதான? எதுக்கு இம்புட்டுப் பிள்ளைகளக் கொல்லக் குடுக்குற?"

சரண்யாதேவி அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மேஜையைப் பார்த்தாள்.

"சார், பெட்டிய ரோட்டுல எறக்கி வச்சிட்டுப் போலாமா?" என்று இம்மானுவேலைக் கேட்டாள்.

இம்மானுவேல் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன்னுடைய விதியை இரண்டு தரம் படித்தார். வைக்கக் கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை என்றார். காதில் டாக்டர் அலறினார். பெட்டிதான் ஆட்டமே, அதை விட்டால் தோற்றோம் என்றார். அவள் ஹெட்போனைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். பெட்டியை வண்டியிலிருந்து இரண்டு விரலால் எடுத்து, சேறு இல்லாத இடமாகப் பார்த்து நடு ரோட்டில் வைத்தாள். பாரம் குறைந்த வண்டி அடுத்த கட்டையில் கிளம்பிவிட்டது.

உக்கிரபாண்டி கணக்குப் போட்டார். நாலு பேரை விட்டுப் பெட்டியை எடுக்கச் சொல்லிவிட்டு, மிச்சப் பேரோடு கும்பினிக்காரனைத் துரத்தலாம் என்று டேப்பை எடுத்தார். முருகம்மாள் விடவில்லை. "சாமி போகும்போது கூட நாலு பேரா போறது? நல்லாருக்கே நியாயம்" என்றாள். ஆமாம் ஆமாம் என்றது கூட்டம். இது ஆட்டம் ஆத்தா என்று உக்கிரபாண்டி சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. பின்வரிசையில் ஒரு பெண் குலவை போட, இன்னும் ஏழெட்டுப் பேர் சேர்ந்துகொண்டார்கள். அதற்குமேல் மேலூர்க்காரர் என்ன செய்ய முடியும்? நூற்றைம்பது வேல்காரர்களையும் திருப்பி, பெட்டிக்கு முன்னும் பின்னுமாக வரிசை கட்டி, அழகர் மலைப் பக்கம் ஊர்வலமாகக் கொண்டுபோனார். அந்த நேரத்தில் நாலு மாட்டுவண்டியும் ஒன்பது கம்பெனியும் ஒரு கீறல் இல்லாமல் வடகோடியைத் தாண்டிவிட்டன.

இம்மானுவேல் விசில் அடித்து, வெற்றி உக்கிரபாண்டிக்கு என்று அறிவித்தார். ஜெயித்தவர் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். மூன்று மாதம் வேல் சீவியவர், ஒரே ஒரு தரம்தான் பாய முடிந்தது. தோற்றவளோ தட்டிலிருந்த எட்டுப் பேரையும் எடுத்துத் தூசி துடைத்து மற்றவர்களோடு சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் எதிலும் தோற்றதில்லை.

அப்போது அவள் தோளுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. "எங்க வீட்டு ஷோகேஸுல உள்ள மாடுக மாதிரியே இருக்கு."

பட்டுச்சேலையில் தமிழ்ச்செல்வி நின்றாள். சரண்யாதேவி கையிலிருந்த சிப்பாயை அவசரமாகப் பெட்டிக்குள் வைத்தாள். தமிழ்ச்செல்வி ஒரு காளையை எடுத்துத் திமிலைத் தடவிப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்: "கோயம்புத்தூர்ல மீட்டிங் நல்லா நடக்குதாமா?"

பொய் சொல்லிச் சரண்யாதேவிக்குப் பழக்கமில்லை. "கார்லதான் நடக்குதுக்கா" என்றாள்.

தமிழ்ச்செல்வி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் குலுங்கினாள். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு முருகம்மாளிடம் போய், வெளியே வேப்பமரத்தடியில் ஒரு காரில் டிரைவர் ஒருத்தர் காலையிலிருந்து பட்டினியாகக் கிடக்கிறார், அவருக்கும் சாப்பாடு கொடுத்துவிடுங்கள் என்றாள். யாரும் பசியோடு கிடப்பதை முருகம்மாள் பொறுக்க மாட்டாள். தானே தட்டில் சோறும் கறியும் நெஞ்செலும்புமாக எடுத்துக்கொண்டு போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினாள்.

கண்ணாடி மெதுவாக இறங்கியது. உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்று யாருக்கும் கேட்கவில்லை. இரண்டு நிமிஷத்தில் டாக்டர் அசோக்குமார் முன்னால் வர, தட்டோடு முருகம்மாள் பின்னால் வந்தாள். அவரை முதல் வரிசையில் நடுவில் உட்கார வைத்தார்கள். கோயம்புத்தூரில் மழை எப்படி என்று ஒருவர் மாற்றி ஒருவர் விசாரித்தார்கள். கொழுந்தியாள் முறையில் உள்ளவர்கள் ரசத்தை இரண்டு தரம் ஊற்றிவிட்டுக் கேட்டார்கள். அவர் எல்லோருக்கும் நல்ல மழை என்றே பதில் சொன்னார். தமிழ்ச்செல்வி எதிரில் நின்று, இலையில் எதையும் மிச்சம் வைக்கவிடாமல் பரிமாறினாள். அடுத்த மூன்று விசேஷத்துக்குச் சீர்த்தட்டு அவர்தான் சுமப்பது என்று அங்கேயே முடிவாயிற்று. அவரும் மறுபேச்சுப் பேசவில்லை. கை கழுவப் போகும்போது மட்டும் சரண்யாதேவியிடம் வந்து, எத்தனை பேர் போனார்கள் என்று மெதுவாகக் கேட்டார். எட்டே பேர் என்றதும் நம்பாமல் சிப்பாய்ப் பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்தார்.

இரண்டாம் பந்தியில் சரண்யாதேவிக்குப் பக்கத்து இலையில் உக்கிரபாண்டி உட்கார்ந்தார். கறியைப் பிட்டுக்கொண்டே தன் ஆட்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தலைப்பாகையெல்லாம் நன்றாகத்தான் வந்திருக்கிறது, முகம்தான் எல்லோருக்கும் ஒரே கறுப்புப் பூச்சாக இருக்கிறது, ஜனம் இவ்வளவு கிட்டே வந்து பார்க்கும் என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் கவனித்திருப்பேன் என்றார். சுற்றி வளைத்துக் கடைசியில் விஷயத்துக்கு வந்தார். "நம்ம ஆளுகளுக்கும் கொஞ்சம் கண்ணு, மூக்கு வச்சுத் தாயேன் தங்கச்சி."

"வச்சுத் தாரேண்ணே" என்றாள் அவள். "ஆனா அடுத்த மாசம் வேல்காரங்கள நான் நடத்துவேன். நீங்க வண்டி ஓட்டணும்."

உக்கிரபாண்டி சோற்றை உருட்டியபடி யோசித்தார். வண்டி ஓட்டுவது அவ்வளவு லேசில்லை என்பதை அன்றைக்குத்தான் பார்த்திருந்தார். சக்கரம் சிக்கினால் என்ன செய்வது என்று கேட்டார். அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சரண்யாதேவி சொல்லிவிட்டு, பரிமாறுகிறவரிடம் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னாள்.