வசவு நின்ற காலை

இருட்டு பிரியும் முன்பே, சாயப்பட்டறையின் பின்கட்டில் கழிவுத் தொட்டியின் இரும்பு மூடியை நாலு பேர் சேர்ந்து நெம்பிப் புரட்டினார்கள். அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று மேலே வந்தது. அண்ணி முந்தானையை மூக்குக்குமேல் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கயிற்றைக் கொழுந்தனின் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். மறுமுனை அவள் கையில். பட்டறையில் அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். கொழுந்தன் வாயிலிருந்து நாளைக்கு நூறு தடவை வந்து வந்து அதுவே அவள் பெயராகிவிட்டது. அவன் பெயர் ரேடியோ. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. ஐந்து நிமிடம் அவன் பக்கத்தில் நின்றால் போதும்.

தொட்டி இரண்டு ஆள் ஆழம். பத்து நாளைக்கு ஒருமுறை ஒருவன் இறங்கி, அடியில் கெட்டிப்பட்ட சேற்றை வாளியில் அள்ளிக் கொடுக்க வேண்டும். அள்ளாவிட்டால் குழாய் அடைத்துப் பட்டறையே நின்றுபோகும். இறங்குகிறவனுக்கு மூச்சு வேண்டுமே, அதற்காகச் சுவருக்கு அந்தப் பக்கம் மீட்டர் அறையில் ஒரு புளோயர் ஓடும். அதிலிருந்து வரும் துணிக்குழாய் காற்றில் உப்பிக்கொண்டு தொட்டிக்குள் தொங்கும்.

இதோடு ஒரு வழக்கமும் உண்டு. மேலே கயிறு பிடிக்கிற ஆள் கீழே இருப்பவனை ஓயாமல் திட்ட வேண்டும். கீழே இருப்பவன் ஒவ்வொரு திட்டுக்கும் பதில் திட்டுத் தர வேண்டும். நலம் விசாரித்தால் அரை மயக்கத்திலும் ‘ம்’ என்றுவிடுவான். வசவுக்குப் பதில் சொல்ல மட்டும்தான் புத்தி தெளிவாக இருக்க வேண்டும். பதில் தடுமாறினால் கயிற்றை இழு, அவ்வளவுதான் சட்டம்.

“ஏண்டா சோம்பேறி, சேறு அள்ளுறியா, இல்ல சயனத்துல இருக்கியா?”

“நீங்க ஆக்கிப் போட்டதைத் தின்னவனுக்குத் தூக்கம் எங்க அண்ணி வரும்? வயித்துவலிதான் வரும்.”

“உனக்குப் பொண்ணு பாக்கப் போன இடத்துல நாய்கூட வெளிய வரல.”

“அது நாயோட தப்பில்ல. உங்களைப் பாத்து உள்ள ஓடிடுச்சு.”

வாளி பிடித்துக்கொண்டிருந்த பாய்லர்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

எட்டு மணிக்கு மேஸ்திரி ஓடிவந்தார். “அண்ணி, வாயைக் கட்டுங்க. துணி வாங்குற கம்பெனி ஆளுங்க வந்துட்டாங்க. இன்னைக்கு ஒரு கெட்ட வார்த்தை கேக்கக்கூடாதுன்னு முதலாளி உத்தரவு.”

“திட்டாம எப்படிய்யா ஆளை உள்ள வைக்கிறது?”

“ஒரு மணி நேரம்தானே. புளோயர் ஓடுதுல்ல?”

அன்றைக்குத்தான் கடைசிப் பரிசோதனை. மூன்று மாதமாக ஆலோசகர் ஒருத்தி வந்துபோய்க்கொண்டிருந்தாள். தண்ணீரையும் மின்சாரத்தையும் விரயம் செய்யாமல் தொழில் நடத்தப் பட்டறைகளுக்கு வழிகாட்டுவது அவள் வேலை. அவள் சொல்லி வெந்நீர்க் குழாய்களுக்கு உறை போட்டார்கள், அலசிய தண்ணீரைத் தெளியவைத்து மறுபடி பயன்படுத்தினார்கள். நல்ல பெண்தான். இந்தத் தொட்டியருகே மூக்கைப் பொத்தாமல் நின்ற ஒரே படித்த ஆள் அவள். இன்றைய கணக்கில் மின்சாரம் குறைந்திருந்தால் பசுமைச் சான்றிதழ் கிடைக்கும். அதைக் காட்டினால் பெரிய ஆர்டர் வரும்.

அண்ணி வாயை மூடிக்கொண்டாள். அந்த ஒன்றுக்காக மட்டும் அவளால் பின்னாளில் தன்னையே மன்னிக்க முடியவில்லை.

விருந்தாளிகள் முற்றத்தின் கோடியில் நின்று கூரையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சாய இயந்திரங்களின் இரைச்சலில் வேறெதுவும் காதில் விழவில்லை. ஒரு வாளி வந்தது, இன்னொன்று வந்தது. மூன்றாவது வரத் தாமதமாயிற்று. அண்ணி குனிந்தாள். காலடியில் துணிக்குழாய் காற்றில்லாமல் சப்பையாகக் கிடந்தது.

“டேய், எருமை!” என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

பதில் இல்லை.

பாய்லர்காரர் ஏணியில் கால் வைத்துவிட்டார். அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “இறங்காதீங்க! நீங்களும் போயிடுவீங்க. கயிறு, கயிறைப் பிடிங்க!”

ஆறு பேர் இழுத்தார்கள். கயிறு உள்ளங்கைத் தோலை உரித்தது. தலைமுதல் கால்வரை கறுப்பாக வெளியே வந்தவனின் வாய் பாதி திறந்திருந்தது. அந்த வாய் சும்மா இருந்து அவள் பார்த்ததேயில்லை.

ரேடியோவின் அண்ணனான அவள் கணவன் ஆம்புலன்ஸில் கூடவே போனான். கம்பெனி ஆட்கள் காரில் ஏறிப் போய்விட்டார்கள். மத்தியானம் முதலாளி ஒரு தாளோடு தொட்டியடிக்கு வந்தார். பின்னால் ஆலோசகரும் வந்தாள், முகம் வெளிறியிருந்தது.

“சொல்லாமக் கொள்ளாம அவனே இறங்கிட்டான்னு ஒரு வரி. எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. ஆஸ்பத்திரிய நான் பாத்துக்கறேன்.”

“புளோயரை நிறுத்துனது யாரு?” என்றாள் அண்ணி.

“மீட்டர் பாக்குற நேரம், கரண்டு கம்மியாத் தெரியணும்ல. கால் மணி நேரத்துல என்ன ஆயிடப் போகுது?”

“என்ன ஆகும்னு காட்டத்தான் ஒருத்தன் ஆஸ்பத்திரியில படுத்திருக்கான். போய்ப் பாருங்க.”

“இங்க பாரு, சான்றிதழ் போனா ஆர்டர் போகும். ஆர்டர் போனா உங்க அடுப்புலதான் பூனை தூங்கும்.”

“தூங்கட்டும் மொதலாளி. தொட்டிக்குள்ள ஆளு தூங்குறதுக்கு அது மேல்.”

ஆலோசகர் தொண்டையைச் செருமினாள். “விரயத்தைக் குறைக்கச் சொன்னது நான்தான். ஆள் உள்ள இருக்கும்போது நிறுத்தச் சொல்லல.”

“நிறுத்தச் சொல்லலம்மா, வாஸ்தவம். நிறுத்தாதேன்னும் நீங்க எழுதல.”

முதலாளி தாளை மேஸ்திரியிடம் நீட்டினார். மேஸ்திரி அதை வாங்கிப் படித்துவிட்டு, மடித்து அவர் கையிலேயே கொடுத்தார். “வாயைக் கட்டச் சொன்னவன் நான். இதுல நான் எப்படிங்க பொய் எழுதுறது?”

பாதி அள்ளிய தொட்டியில் குழாய் அடைத்துக்கொண்டது. கறுப்புத் தண்ணீர் அடியிலிருந்து ஏற ஆரம்பித்தது. முதலாளி சுற்றிலும் பார்த்தார். “யாராவது இறங்குங்க. இன்னைக்கு ரெட்டைக் கூலி.”

துணி பிழிகிற ஆள் ஒருவன் முன்னால் வந்தான். அவன் வீட்டு நிலைமை எல்லாருக்கும் தெரியும். ஏணிவரை போனவன் சப்பையாகக் கிடந்த துணிக்குழாயைப் பார்த்தான். பிறகு திரும்பி வந்து அண்ணியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். பாய்லர்காரர் போய் நீராவியை அடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். துணி மடிக்கிற பெண்கள் வந்தார்கள். இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. இத்தனை வருஷத்தில் பட்டறை பகலில் இப்படி ஊமையாக இருந்ததில்லை. அண்ணிக்கு அந்த அமைதி பயமாகத்தான் இருந்தது.

“என்னதான் வேணும் உங்களுக்கு?” என்றார் முதலாளி.

“புளோயர் சுவிட்சு மீட்டர் ரூம்ல வேணாம். தொட்டி வாசல்ல, கயிறு பிடிக்கிறவங்க கைக்கு எட்டுற மாதிரி வைங்க. நடந்ததை நடந்தபடி எழுதுங்க. அதுவரைக்கும் இந்த ஏணியில யாரும் கால் வைக்க மாட்டோம்.”

“எத்தனை நாளைக்குன்னு பாக்கறேன்” என்று சொல்லிவிட்டு முதலாளி அலுவலகத்தை நோக்கி நடந்தார். ஆலோசகரையும் வரச் சொல்லிக் கையசைத்தார். அவள் போகவில்லை. கோப்பைத் திறந்து, ஒரு புதுத் தாளை எடுத்து, அண்ணி பக்கத்தில் வந்து குந்தினாள். “எத்தனை மணிக்கு இறங்கினாரு? ஆரம்பத்துலேருந்து சொல்லுங்க.”

அண்ணியின் போன் அடித்தது. கணவன்தான். “இன்னும் கண்ணைத் திறக்கல. மூச்சுக்குக் குழாய் வச்சிருக்காங்க. காலையிலதான் சொல்ல முடியுமாம்.” அவள் சரி என்று மட்டும் சொன்னாள். அழுகை வந்தது, அடக்கவில்லை. பிழிகிற ஆள் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவளிடம் கொடுத்தான்.

பொழுது சாயும்போது, இயந்திரங்களில் மிச்சமிருந்ததும் வடிந்து நிரம்பி, தொட்டி விளிம்பு தாண்டிக் கறுப்புத் தண்ணீர் முற்றத்தில் மெல்லப் பரவி வந்தது. முதல் வரிசையில் இருந்தவர்களின் பாதத்தைத் தொட்டது. யாரும் காலை எடுக்கவில்லை.