பாலத்து இறக்கம்

சர்ச்சிலிருந்து வந்திருந்த சபை ஐயர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, நோட்டைத் தொடையில் விரித்துக்கொண்டார்.

“அடக்க ஆராதனைல ரெண்டு வார்த்தை சொல்லணும். கடைசி நேரத்துல யாரும்மா பக்கத்துல இருந்தா?”

ஃப்ரீசர் பெட்டிக்குள் எஸ்றா வெள்ளை வேட்டியில் கிடந்தான். தலைமாட்டில் இருந்த தங்கை ஜாய் வாயைத் திறப்பதற்குள், நாசரேத்திலிருந்து வந்திருந்த மூத்த அக்கா ஆனி முந்திக்கொண்டாள்.

“இவதான் ஐயரே. எட்டு வருசமா இவதான கூட இருந்தா. கடைசியிலயும் நீ பக்கத்துல இருந்தியாளா?”

“இருந்தேன்,” என்றாள் ஜாய்.

துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டிக்கொண்டிருந்த எஸ்றா கப்பலின் சரக்கறைக்குள் விழுந்து, இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தபோது ஜாய் பள்ளிக்கூட வேலையை விட்டாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவனைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். கடைக்குப் போனாலும் ஓட்டமாக ஓடி வர வேண்டும்.

விழுவதற்கு முன் அவன் பழைய இரும்புக் கடையில் வாங்கிய கியர் சைக்கிள் ஒன்று சாக்கில் உதிரி உதிரியாகக் கிடந்தது. ஏதோ கப்பல்காரன் விட்டுப்போன, முப்பத்தைந்து வருடப் பழைய மலையேறும் சைக்கிள். போன வருடம் அதைக் கட்டிலருகே கொட்டச் சொன்னான். படுத்தபடி அவன் சொல்லச் சொல்ல, ஜாய் மண்ணெண்ணெயில் துரு கழுவினாள். சக்கர அச்சின் பால்ரஸ் குண்டுகளைக் கிரீஸில் பதித்தாள். போக்ஸ் கம்பிகளை முறுக்கிச் சக்கரத்தின் கோட்டம் எடுத்தாள்.

“அரைச் சுத்து போதும்ளா. கம்பி அழுவுது பாரு,” என்பான்.

முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அவன் தூங்கும்போதும் தரையிலேயே உட்கார்ந்து அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஓட்டியதெல்லாம் முற்றத்துக்குள்தான்.

இன்று காலை கஞ்சி வேண்டாமென்றுவிட்டான்.

“முத்தத்துலயே சுத்துனா கியர் ஏறுதான்னு எப்படித் தெரியும்? பாலத்துல ஏத்திப் பாரு.”

“அண்ணனத் தனியா விட்டுட்டா?”

“நான் எங்கன ஓடிரப் போறேன். போயிட்டு வா.”

ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றத்தில் கட்டைவிரலால் கியரைத் தள்ளினாள். செயின் ஒரு சத்தம் போட்டுப் பெரிய பல்சக்கரத்தில் ஏறி உட்கார்ந்தது. உச்சியிலேயே திரும்பியிருக்கலாம். இறக்கத்தில் உப்புக்காற்று முகத்தில் அடித்தது. அவள் பிரேக்கைப் பிடிக்கவில்லை. உப்பளங்களைத் தாண்டி, கடல் தெரியும் இடம் வரை போய், ஒரு காலை ஊன்றி நின்றாள். அவ்வளவு நேரமும் அண்ணன் நினைப்பே வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது. அவன் கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. எடுத்து மார்பில் வைத்தாள். அதில் சூடு இல்லை.

“நிம்மதியாப் போனாரா?” ஐயர் எழுதிக்கொண்டே கேட்டார்.

ஜாய் பேனா நகர்வதையே பார்த்தாள். இப்போது சொல்லிவிடலாம்.

“ஐயரே, நான்...”

பக்கத்தில் இருந்த எதிர்வீட்டுச் செல்வராணி அவள் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள். காலையில் பாலத்தில் எதிரே வந்த பேருந்தின் சன்னலிலிருந்து ஜாய்க்குக் கை காட்டியவள் அவள்.

“நான் பாத்தேன் ஐயரே. போற வரைக்கும் அவரு கையப் புடிச்சிட்டே இருந்தா.”

ஆனி முந்தானையால் வாயைப் பொத்தி அழுதாள். “அது ஒண்ணாவது அவனுக்குக் கெடச்சிச்சே.”

ஐயர் அதையும் எழுதிக்கொண்டு பேனாவை மூடினார்.

செல்வராணியின் கை முழங்காலை விட்டு நகரவில்லை. யாரோ ஒரு டம்ளர் காப்பியை நீட்ட, ஜாய் வாங்கிக்கொண்டாள். பெட்டியின் மோட்டார் ஒருமுறை நின்று மறுபடி ஓடத் தொடங்கியது. காப்பியின் மேல் ஆடை படிந்திருந்தது. அவள் அதை ஊதி ஒதுக்காமல் அப்படியே குடித்தாள்.