சிவா தம்பியின் செய்திகள்

சிவானுஜாவின் அப்பா பாலச்சந்திரன் இங்கிலாந்துக்கு வாழ்நாளில் இரண்டே தடவைதான் போயிருக்கிறார். இரண்டும் கலியாணவீடு. ஒன்றில் மழை, மற்றதில் வயிற்றோட்டம். ஆகவே அந்த நாட்டை அவர் ஜன்னலுக்குள்ளால்தான் பார்த்தார். அப்படியிருந்தும், லண்டன் புட்போல் கழகமொன்று எந்த ஆட்டக்காரனை வாங்க வேண்டும், பிரித்தானியாவை எந்தக் கட்சி ஆள வேண்டும் என்ற இரண்டு விஷயத்திலும் அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. சூரிச்சில் முப்பத்து மூன்று வருடமாக இருக்கிறார். இந்த நகரத்தின் மேயர் ஆணா பெண்ணா என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் யோசிப்பார்.

கழகத்தின் பெயர் வேண்டாம். மற்றக் கழகத்து ஆட்கள் சிரிப்பார்கள். அந்தக் கழகத்துக்குப் பேஸ்புக்கில் சுவிஸ் தமிழர்களின் குழு ஒன்று இருந்தது. நானூறு பேர். குழுவுக்குத் தலைவர் இராஜசிங்கம், லுசேர்ணில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை, பிரித்தானியத் தொழிற்கட்சிக்காரர். அவருக்கு நேரெதிர் கூர் நகரில் இருக்கும் தில்லைநாதன். அவர் கன்சர்வேட்டிவ், ஏனென்றால் அவருடைய மச்சான் லண்டனில் இரண்டு கடை வைத்திருக்கிறார். இரண்டு பேருக்கும் பிரித்தானியாவில் வாக்கில்லை. சுவிஸிலும் இல்லை. குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இத்தனை வருடமாக நேரம் கிடைக்கவில்லையாம்.

சிவானுஜாவுக்கு இருபத்தெட்டு வயது. இங்கேயே பிறந்தவள், ஒரு காப்புறுதி நிறுவனத்தில் புள்ளிவிபரங்களோடு வேலை. பதினேழு வயது வரைக்கும் பெண்கள் அணியில் இடது பின்களத்தில் ஆடியவள். அவள் ஆடிய ஒரு மட்ச்சுக்கும் அப்பா வந்ததில்லை. சனிக்கிழமைகளில் தொலைக்காட்சிக்கு முன்னால் அவள் ஏதாவது சொன்னால், திரும்பிப் பாராமலே சொல்வார்:

"உனக்கு இது விளங்காது பிள்ளை. போய் தேத்தண்ணி போடு."

ஒருநாள் குழுவில் தில்லைநாதன் ஓஃப்சைட் விதியைத் தலைகீழாக விளக்கியிருந்தார். எழுபது பேர் அதற்கு விருப்பம் போட்டிருந்தார்கள், அப்பா உட்பட. அந்த எழுபதும் அவளுக்குப் பொறுக்கவில்லை. "சிவா சூரிச்" என்று ஒரு கணக்கைத் திறந்து, நாலு வரியில் அந்த விதியைத் திருத்தி எழுதினாள். பின்னேரத்துக்குள் பதில் வந்தது: "நல்ல விளக்கம் சிவா தம்பி." எழுதியவர் அப்பா.

அதன் பிறகு விட முடியவில்லை. ஆட்டக்காரர் வாங்குவதில் எந்த வதந்தி கடதாசிப் படகு, எது கரை சேரும் என்று அவளுக்கு ஓரளவு தெரியும். போர்த்துக்கல், ஸ்பெயின் பத்திரிகைகளை அவள் வாசிப்பாள். குழுவில் மற்றவர்கள் ஒருவரை ஒருவர் வாசித்தார்கள். அவள் வருவார்கள் என்று சொன்ன ஆட்டக்காரர்கள் வந்தார்கள், வரமாட்டார்கள் என்று சொன்ன ஆட்டக்காரர்கள் வரவில்லை. வீட்டில் சாப்பாட்டு மேசையில் அப்பா சொல்வார்:

"சிவா எண்டு ஒரு பெடியன் இருக்கிறான். என்ன மூளை! அவனைப் பெத்ததுகள் குடுத்துவைச்சதுகள்."

"அப்பிடியோ" என்று சொல்லி அவள் கத்தரிக்காயைக் கரண்டியில் எடுப்பாள்.

இரண்டாயிரத்து இருபத்துநாலாம் ஆண்டு ஜூன் மாதம் பிரித்தானியத் தேர்தல் சூடு பிடித்தபோது, குழு புட்போலைக் கைவிட்டுக் கட்சிகளைப் பிடித்தது. வரி, குடிவரவு, வைத்தியசாலை வரிசை எல்லாவற்றுக்கும் லுசேர்ண் சமையலறையில் ஒரு தீர்வும் கூரில் இன்னொரு தீர்வும் தயாராக இருந்தன. அதே மாதம் சுவிஸில் மருத்துவக் காப்புறுதிக் கட்டணம் பற்றி வாக்கெடுப்பு நடந்தது. மாதாமாதம் அந்தக் கட்டணத்தைத் திட்டித் திட்டிக் கட்டுகிற நானூறு பேரில் ஒருவர்கூட அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

தொழிற்கட்சி மூன்றிலொரு பங்கு வாக்கோடு மூன்றில் இரண்டு பங்கு ஆசனம் எடுக்கலாம் என்று சிவா எழுதினான். தில்லைநாதன் "தம்பி கணக்குப் படிக்கேல்லைப் போல" என்று சிரித்தார். ஜூலை ஐந்தாம் திகதி விடிந்தபோது ஏறக்குறைய அப்படித்தான் முடிந்திருந்தது. இராஜசிங்கம் அறிவித்தார்: ஓகஸ்ட் முதல் ஞாயிறு சூரிச் லாங்ஸ்ட்ராச வீதியில் ஒன்றுகூடல், மதியச் சாப்பாடு, சிவா தம்பிக்குப் பொன்னாடை.

சிவானுஜா ஒரு கிழமை யோசித்தாள். அப்பாவின் முகம் எப்படிப் போகும் என்று பார்க்கும் ஆசைதான் கடைசியில் வென்றது. அதோடு, அவள் ஒப்புக்கொள்ள விரும்பாத இன்னொரு ஆசையும் இருந்தது: அவர் அந்த மண்டபத்தில் எழும்பி நின்று, "இவள் என்ர மகள்" என்று சொல்வார் என்று.

தமிழ்க் கடையொன்றுக்கு மேலிருந்த உணவகத்தில் முப்பது பேர் ஆட்டிறைச்சிப் பிரியாணியோடு இருந்தார்கள். பொன்னாடை ஒரு பிளாஸ்டிக் பையில் கதிரையில் கிடந்தது. அவள் உள்ளே வந்ததும் அப்பா முகத்தைச் சுளித்தார். அம்மா ஏதோ சொல்லி அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்தாராக்கும்.

"என்ன பிள்ளை, அப்பாவைத் தேடி வந்தனீங்களோ?" என்றார் இராஜசிங்கம்.

"இல்லை அங்கிள். நீங்கள் கூப்பிட்டனீங்கள். சிவா சூரிச் நான்தான்."

ஒருவர் சிரித்தார். "பகிடி விடாதையுங்கோ" என்றார் தில்லைநாதன். அவள் தன் கைத்தொலைபேசியில் கணக்கைத் திறந்து மேசையில் வைத்தாள். தொலைபேசி கைமாறிக் கைமாறிப் போனது. எல்லோரும் அவளை விட்டுவிட்டு அவளுடைய அப்பாவைப் பார்த்தார்கள்.

பாலச்சந்திரன் எழுந்தார். கையிலிருந்த எலும்பைச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்து, விரல்களைத் துடைத்தார்.

"நான் சொல்லக்கூடாது எண்டுதான் இருந்தனான்" என்றார். "வீட்டில நான் புட்போலும் அரசியலும் கதைச்சுக்கொண்டே இருப்பன். பிள்ளை அதைக் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறாள். என்ன இருந்தாலும் என்ர ரத்தம்தானே!"

கை தட்டினார்கள். "அதுதானே பார்த்தன்" என்றார் தில்லைநாதன், பெரிய நிம்மதியோடு. பொன்னாடை அப்பாவின் தோளில் ஏறியது. படம் எடுத்தார்கள். ஓரமாக நிற்கச் சொல்லி அவளையும் கூப்பிட்டார்கள். அவள் நிற்கவில்லை. படியில் இறங்கி, டிராமுக்கு நில்லாமல் வீடுவரை நடந்தாள்.

மறுநாள் "சிவா சூரிச்" குழுவிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. பெண்பிள்ளை ஒன்று இருந்தால் ஆட்கள் மனம்விட்டுக் கதைக்க முடியாது என்று இராஜசிங்கம் காரணம் எழுதியிருந்தார்.

ஆனால் செவ்வாய்க்கிழமை காலை ஓர் அதிசயம் நடந்தது. அப்பா கோப்பியோடு அவளுக்கு எதிரே வந்து இருந்தார்.

"பிள்ளை, அந்த நடுக்கள ஆட்டக்காரன் வாறானோ? நீ என்ன நினைக்கிறாய்?"

இருபத்தெட்டு வருடத்தில் அவர் அவளிடம் "நீ என்ன நினைக்கிறாய்" என்று கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் கோபத்தைக்கூட மறந்துபோய், ஒப்பந்தம், வயது, முழங்கால் காயம் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள். அவர் தலையாட்டிக் கேட்டார். அடுத்த நாளும் கேட்டார். இரண்டு கிழமை அப்படிப் போனது. வேலைக்குப் போகும் வழியிலேயே, நாளைக்கு அப்பாவுக்கு என்ன சொல்லலாம் என்று செய்திகளைச் சேர்த்து வைத்தாள்.

அம்மா ஜெயகௌரிதான் அதைக் கெடுத்தாள். அவளும் அந்தக் குழுவில் இருந்தாள். குழு தொடங்கியபோது ஆள் போதாதென்று அப்பாவே சேர்த்துவிட்டு மறந்துபோயிருந்தார்.

"உன்ர அப்பா இப்ப பெரிய ஆள்" என்று சொல்லி அம்மா தொலைபேசியை நீட்டினாள்.

சிவானுஜா வாசித்தாள். முழங்கால் காயம் அப்படியே இருந்தது. அவளுடைய கடதாசிப் படகு உவமைகூட அப்படியே இருந்தது. கீழே, "என் சொந்த வட்டாரத் தகவல் – பாலா." நூற்றுப்பத்து விருப்பம். "அண்ணை, உங்களுக்கு லண்டனில ஆள் இருக்கு, என்ன?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அப்பா ஒரு கண்ணடிக்கும் முகத்தைப் பதிலாகப் போட்டிருந்தார்.

"கேட்டுப் பாரன், உன்ர பெயரைப் போடச் சொல்லி" என்றாள் அம்மா.

"வேண்டாம். நல்ல செய்தியாய் ஒண்டு குடுப்பம்."

ஓகஸ்ட் கடைசி. ஆட்டக்காரரை வாங்கும் காலம் முடிய மூன்று நாள்தான் இருந்தது. கோப்பி மேசையில் அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அப்பா, ஒருத்தருக்கும் தெரியாது. உருகுவேயில ஒரு பெடியன். இருபது வயது. லூயிஸ் ப்ளோட்சினோ. வாறது நிச்சயம்."

ஜெர்மன் மொழியில் ப்ளோட்சின் என்றால் விசர்க்கதை, வெறும் உளறல். சூரிச்சில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாளுக்குப் பத்துத் தரம் சொல்லும் சொல். முப்பத்து மூன்று வருடமாக இங்கே இருக்கும் மனிதர் அந்தப் பெயரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்து, எழுத்துக்கூட்டி ஒரு துண்டில் எழுதிக்கொண்டார்.

பத்து மணிக்கு அது குழுவில் இருந்தது. பதினொரு மணிக்குத் தில்லைநாதன், தான் அந்தப் பெடியனை இரண்டு வருடமாகக் கவனித்து வருவதாகவும், இடதுகால் பலம், தலையால் அடிப்பது குறைவு என்றும் எழுதினார். மதியத்துக்குள் டொரொண்டோவில் யாரோ அதைப் பகிர்ந்தார்கள். தொழிற்கட்சி அரசு இப்படியான திறமைசாலிகளுக்கு வேலை விசா கொடுக்குமா என்று ஒரு கிளைச் சண்டை தொடங்கி, முன்னூறு கருத்துவரை போனது.

இரண்டாம் நாள் லுசேர்ணில் பஸ் ஓட்டும் ஒருவர் எழுதினார்: "வேலையிடத்தில் சுவிஸ்காரருக்கு இந்தப் பெயரைச் சொன்னேன். இன்னும் சிரிக்கிறாங்கள். பாலா அண்ணை, ப்ளோட்சின் எண்டால் என்னெண்டு தெரியுமோ?"

அம்மாவின் தொலைபேசியில் அவளும் அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழு ஒரு மணித்தியாலம் சிரித்தது. இரண்டு வருடம் கவனித்த தில்லைநாதன் தன் கருத்தை அழித்துவிட்டு, பலமாகச் சிரித்தவர்களோடு சேர்ந்துகொண்டார். பிறகு அப்பாவின் பதில் வந்தது.

"நண்பர்களே, இது என்னுடைய தகவல் இல்லை. என் மகள் சொன்னது. நான் அப்படியே போட்டேன். பெண்பிள்ளைகளுக்குப் புட்போல் தெரியாது என்பதற்கு இதுவே சாட்சி."

அம்மா தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். சிவானுஜா அதைத் திரும்ப எடுத்து, "என் மகள் சொன்னது" என்ற வரியைப் பார்த்தாள். பதினாலு சரியான செய்திக்கு இல்லாத மகள், ஒரு பிழைக்கு வந்துவிட்டாள். பெருஞ்சிரிப்பு வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை.

"அப்ப முந்திச் சொன்னதெல்லாம் ஆருடைய தகவல்?" என்று அந்த பஸ் ஓட்டுபவர் கீழே கேட்டிருந்தார். இராஜசிங்கம் அவசரமாக, பிரித்தானிய முதியவர்களின் குளிர்கால எரிபொருள் உதவியை வெட்டுவது சரியா என்று ஒரு கேள்வி போட்டார். நானூறு பேரும் அதன்மேல் பாய்ந்தார்கள். பத்து நிமிடத்தில் அப்பாவும் அங்கே நின்றார், பொங்கிக்கொண்டு.

அடுத்த நாள் காலை அவர் வழக்கம்போலக் கோப்பியோடு வந்து எதிரே இருந்தார். வெட்கத்தின் சாயல் எங்கேயாவது தெரிகிறதா என்று அவள் தேடினாள். நித்திரை முழித்த கண்தான் இருந்தது.

"சரி, அதை விடு. இண்டைக்குக் கடைசி நாள். உண்மையாய் ஆர் வாறான்?"

"எனக்கு விளங்காது அப்பா" என்று சொல்லி, அவள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.