ஆக்குபைடு

மூன்று மாடியையும் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து பின்பக்கமாகவே ஏறியதால், எங்கள் வீட்டுக் கதவு கடைசியில்தான் என் கண்ணில் பட்டது. முப்பது வருடம் ஊர் முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவனுக்குக் குடியிருக்க வாய்த்தது லிஃப்டே இல்லாத கட்டடம். கால் எலும்பு முறிந்து, போட்ட தையல் சீழ் பிடித்து, ஐம்பத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு அன்றுதான் வருகிறேன். பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறிய என் மனைவி ஒவ்வொரு படிக்கும் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே போனவள் சட்டென்று பேச்சை நிறுத்தினாள். திரும்பிப் பார்த்தேன். எங்கள் கதவில் சிவப்பு பெயின்ட்டில் முழ உயரத்துக்கு ஆங்கில 'வி' போட்டிருந்தது. எதிர்வீட்டுக் கதவில் 'ஓ'.

எதிர்வீட்டுத் தையல்காரம்மா கழுத்தில் இஞ்ச் டேப்போடு வெளியே வந்து விவரம் சொன்னாள். கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். சர்வே எடுத்திருக்கிறார்கள். ஆள் இருக்கிற வீடு ஆக்குபைடு, அதற்குப் புதுக் கட்டடத்தில் ஒரு வீடு. ஆள் இல்லாதது வேகன்ட், அதற்கு ஒன்றும் கிடையாது. சர்வே முடிந்தபிறகு ஆசைப்பட்டு வந்து நுழைகிறவர்களுக்கும் கிடையாது என்று நோட்டீஸிலேயே போட்டிருந்தது. எங்கள் வீட்டுக்கு மூன்று தடவை வந்து கதவைத் தட்டியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்று இவள் சொன்னதை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லையாம். எங்களிடம் சொல்லலாம் என்றுதான் நினைத்தாளாம். ஆஸ்பத்திரியில் இருக்கிறவர்களை எதற்குக் கலவரப்படுத்த வேண்டும் என்று விட்டுவிட்டாளாம். அவளை என்ன சொல்வது? எங்கள் துணி மூட்டையை ஆஸ்பத்திரிக்கு வாரம் தவறாமல் கொண்டுவந்து கொடுத்ததே அவள்தான்.

ஜன்னல் வழியாகவும் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். அங்கேதான் வந்தது வினை. என் மனைவிக்கு ஒரு டம்ளர் கழுவாமல் கிடந்தால் தூக்கம் வராது. என்னைச் சேர்த்த மூன்றாம் நாள், திரும்பி வர நாளாகும் என்று டாக்டர் சொன்னதும், அரை நாள் லீவு போடுகிற மாதிரி என்னிடம் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஃபிரிட்ஜைக் காலி பண்ணித் துடைத்தாள். பாத்திரங்களைக் கவிழ்த்து அடுக்கினாள். பாய், தலையணை, கொடியில் கிடந்த துணி எல்லாவற்றையும் பீரோவுக்குள் தள்ளினாள். பூந்தொட்டிகளை எதிர்வீட்டில் விட்டாள். போகும்போது மெயின் ஸ்விட்சையும் அணைத்துவிட்டுப் போயிருக்கிறாள். எட்டிப் பார்த்தவன் கண்ணுக்கு ஒரு துரும்புகூடப் பட்டிருக்காது. அவன் வேகன்ட் என்று போட்டதில் என்ன தப்பு? நானாக இருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பேன்.

"நான்தானே இப்படித் தொடச்சு வெச்சுட்டுப் போனேன்" என்றாள். அன்று அதை எத்தனை தடவை சொன்னாள் என்று கணக்கில்லை. எனக்கு முதலில் எரிச்சலாக வந்தது, பிறகு பாவமாகிவிட்டது.

என்னால் படி இறங்க முடியாது என்பதால் சர்வே ஆபீசுக்கு அவள்தான் போக வேண்டியிருந்தது. தமிழில் கெஞ்சினால் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள், அவர்கள் சொல்கிற வார்த்தையையே சொல் என்று தையல்காரம்மா யோசனை சொல்லியிருந்தாள். இரண்டு நாள் அடுப்படியில் ஒரே ஆக்குபைடுதான். அரிசி களையும்போது ஆக்குபைடு, வெங்காயம் உரிக்கும்போது ஆக்குபைடு. நான் வேண்டுமென்றே பாத்ரூமில் கொஞ்சம் தாமதம் செய்ய, கதவைத் தட்டி, "உள்ள ஆக்குபைடா?" என்று அவளே கேட்டாள். ஐம்பத்திரண்டு நாளுக்குப் பிறகு அன்றுதான் இரண்டு பேரும் சிரித்தோம்.

ஆபீசில் அவளைப் பேசவிட்டார்கள். கரன்ட் பில் கேட்டார்கள். இரண்டு மாதமும் ஏறக்குறைய பூஜ்யம். ஆஸ்பத்திரி சீட்டை நீட்டியிருக்கிறாள். கவுன்ட்டரில் இருந்தவர் பொறுமையாக எல்லாப் பக்கத்தையும் புரட்டிவிட்டு, "இது நீங்க வேற இடத்துல இருந்ததுக்குத்தானேம்மா ஆதாரம்?" என்றாராம். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொல்லும்போது அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அவர் கேட்டது சரிதானோ என்கிற குழப்பம்தான் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் புதன்கிழமை காலை மறுபடி ஒரு ஆள் வந்து பார்ப்பார் என்று எழுதி வாங்கிவந்திருந்தாள்.

ஆள் புழங்குகிற வீடு மாதிரி இருக்கட்டும், அள்ளிப்போட்டு வை என்றாள் தையல்காரம்மா. எனக்கென்ன, கைவந்த கலை. பேப்பரைப் பிரித்துப் போட்டேன், சட்டையை நாற்காலியில் எறிந்தேன், வெற்றுத் தீப்பெட்டியை அப்படியே விட்டேன். என் மனைவிதான் பாடாய்ப் பட்டாள். காபி குடித்த டம்ளரைத் தொட்டியில் போட்டுவிட்டு நாலு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஈரத்துணியைக் கொடியில் கோணலாகப் போடச் சொன்னால், கோணலையும் ஒரே அளவில் போடுகிறாள்.

புதன்கிழமை பத்தேகாலுக்கு ஆபீஸ் ஆள் வந்தார். என் வயதுக்காரர், படியேறி மூச்சு வாங்கியது. தண்ணீர் வாங்கிக் குடித்தார். எல்லா அறையையும் போட்டோ எடுத்தார். தொட்டியை எடுத்தார், கொடியை எடுத்தார், என் மருந்துப் பாட்டில்களை எடுத்தார். ஒவ்வொரு கிளிக்குக்கும் என் மனைவி முகத்தில் தெளிவு கூடிக்கொண்டே வந்தது. அவருக்கு டீ போட உள்ளே போனாள்.

"இங்க ஒரு கையெழுத்து" என்று டேப்லெட்டை என் மடியில் வைத்தார். லிஃப்ட் மேனுவல்களைப் படித்துப் படித்து எனக்கு ஆங்கிலம் ஓரளவு வரும். கையெழுத்துக் கட்டத்துக்கு மேலே இருந்ததை இரண்டு தடவை படித்தேன். ஆக்குபைடு ஆஃப்டர் சர்வே. அதாவது, சர்வே முடிந்தபிறகு வந்து நுழைந்தவர்கள்.

"சார், நாங்க இங்க பத்தொன்பது வருஷமா இருக்கோம்."

"தெரியுது சார். பழையத மாத்த இதுல வழி இல்ல. ஒண்ணு வேகன்ட், இல்லாட்டி இது. ஆளில்லன்னு நான் எப்படிப் போட முடியும், நீங்க எதிர்லயே உக்காந்திருக்கீங்க?"

அவர் குரலில் திமிர் இல்லை. இருந்திருந்தால் கத்தியிருப்பேன். போடாவிட்டால் என்ன என்று கேட்டேன். பழையபடி வேகன்ட்டாகவே இருக்கும் என்றார். அதற்கும் ஒன்றும் கிடையாது, இதற்கும் ஒன்றும் கிடையாது. மேலே எழுதிப் போட்டுப் பாருங்கள் என்று அவரே ஒரு பேச்சுக்குச் சொன்னார். பேனா மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்தார். போட்டேன். என் கையெழுத்து நெளிந்து யாருடையதோ மாதிரி விழுந்தது.

அவள் டீயோடு வந்தாள். அவர் நின்றபடியே குடித்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கிப் போனார்.

"என்னன்னு போட்டாரு?"

அவளிடம் நான் பெரிதாக எதையும் மறைத்தது கிடையாது. மறைக்கத் தெரிந்தவனும் இல்லை. ஆனால் சொன்னால் உடனே அந்த மெயின் ஸ்விட்சுக்கும் கவிழ்த்த பாத்திரத்துக்கும்தான் திரும்பப் போவாள் என்று தெரியும். இடிக்க இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்றும் தெரியாது. சொல்லத்தான் வேண்டும். இன்று சாயங்காலமோ, நாளைக்கோ.

"ஆக்குபைடுன்னு."

அப்பாடா என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அடுத்த நிமிஷமே தொட்டியில் பாத்திரம் உருள ஆரம்பித்தது. கொடித்துணி இழுபட்டு நேரானது, பேப்பர் மடிந்தது, என் சட்டை ஆணிக்குப் போனது. வாளியில் தண்ணீர் பிடித்துவந்து அறையின் ஒரு மூலையிலிருந்து துடைத்துக்கொண்டே வந்தாள். எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள், பாட்டாகக்கூட இருக்கலாம். என் நாற்காலிக்குக் கிட்டே வந்ததும், "காலத் தூக்குங்க" என்றாள். நல்ல காலை நானே தூக்கினேன். மற்றதை அவள் ஈரக் கையால் ஏந்திப் பிடித்துக்கொண்டு, அதற்குக் கீழே அழுத்தித் துடைத்தாள்.